பழைய லேசர் படகு: அறிகுறி வாரியாகப் பழுது நீக்கும் வழிமுறை

புரூஸ் கெர்பி வடிவமைத்து 1971-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமான லேசர் என்னும் ஒற்றையாள் பாய்ப்படகு, 1996 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது; 2019 முதல் போட்டிகளில் அதன் பெயர் ஐஎல்சிஏ. சென்னையின் நேத்ரா குமணனும் வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் ஓட்டியது இந்த வகைப் படகைத்தான். போட்டிக்குப் பழையதாகிவிட்ட படகுகள் கைமாறி வரும்போது, வாங்குபவரின் கண் பெரும்பாலும் பாயின் வெண்மையிலும் கயிறுகளின் வண்ணத்திலும்தான் நிற்கிறது. பழைய லேசரில் பணம் செலவிட வேண்டிய வரிசை வேறு: முதலில் உடல், அடுத்துப் பாய்மரக் குழி, அதன்பின் பாய்மரத்தின் இரு துண்டுகள், சுக்கானும் டேகர்போர்டும் (உடலின் நடுவே நீருக்குள் இறங்கும் பலகை), பிறகுதான் கயிறும் கப்பிகளும், எல்லாவற்றுக்கும் கடைசியில் பாய். உடலுக்குள் பத்து லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கும் படகுக்குப் புதுப் பாய் வாங்கிப் பூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை.

கீழே உள்ள தலைப்புகள் அறிகுறிகளின்படி அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலிலும் செலவு மிக்க காரணம் இறுதியிலும் வரும். உங்கள் படகில் தென்படும் அறிகுறிக்கு நேராகச் செல்லலாம். ஆனால் படகு புதிதாகக் கைக்கு வந்திருந்தால், வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் முதல் இரண்டு தலைப்புகளின் சோதனைகளைச் செய்துவிட வேண்டும்.

ஃபைபர் வேலைக்கு முன் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் பாலியெஸ்டர் ரெசினுடன் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் எம்இகேபி கேட்டலிஸ்ட்டும் தனித்தனிப் புட்டிகளில் தரப்படுகின்றன. இவ்விரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்பதால் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. சீல் செய்வதற்கும் ஒட்டுவதற்கும் எப்பாக்சியே நல்லது; ஆனால் எப்பாக்சியின் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் (ஃபைபரின் பளபளப்பான மேற்பூச்சு) சரியாகப் பிடிக்காது. எனவே வெளியில் தெரியும் இடத்தை எப்பாக்சியால் சரிசெய்தால் மேலே பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

அறிகுறி 1: கரையேற்றியதும் உடலுக்குள் தண்ணீர் சலசலக்கிறது, அல்லது படகு தூக்க முடியாமல் கனக்கிறது

எந்தச் சாமானும் பூட்டாத லேசர் உடலின் எடை ஏறத்தாழ 59 கிலோ. மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றில் அணியத்தையும் (முன்முனை) பின்பலகையையும் தனித்தனியே தூக்கி நிறுத்தி இரண்டையும் கூட்டினால் கணக்கு தெரிந்துவிடும். ஒரு நாள் முழுக்க ஓட்டிய பின் பின்பலகை அடைப்பைத் திறந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வருவது குறையல்ல. வாளிக் கணக்கில் வந்தால் கசிவு இருக்கிறது. தண்ணீர் சிறிதும் வராமல் எடை மட்டும் 65 கிலோவைத் தாண்டினால், உள்ளே மிதவைக்காக வைத்த நுரைக்கட்டிகளோ மேல்தளத்தின் நடுவிலுள்ள நுரையோ நீரைக் குடித்திருக்கிறது என்று பொருள்.

*கசிவு எங்கே என்று காண்பது எப்படி*

ஓட்டையைக் கண்ணால் தேடுவது வீண்வேலை. காற்றால் தேட வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், காலை நேரத்தில், நிழலில் படகை வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக் குழியின் முன்சுவரில் காற்று சமநிலைக்காக விடப்பட்ட ஒரு சிறு துளை இருக்கும். அதை டேப் ஒட்டி மூடுங்கள். பின்பலகையின் அடைப்பைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி, சுற்றிலும் டேப்பால் இறுக்கி, வாயால் ஊதுங்கள். இன்னொருவர் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைத் தூரிகையில் தொட்டு, விளிம்புச் சேர்க்கை, திருகுகள், டேகர்போர்டு பெட்டியின் மேல்வாய், பின் படகைப் புரட்டி அதன் அடிவாய் என வரிசையாகத் தடவிக்கொண்டே வர வேண்டும். குமிழி கிளம்பும் இடத்தைக் கிரேயானால் வட்டமிடுங்கள். பாய்மரக் குழிக்குள்ளும் கொஞ்சம் சோப்பு நீரை ஊற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாயால் ஊதும் அழுத்தமே இதற்குப் போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை வைத்து ஊதினால் மேல்தளம் அடியுடலிலிருந்து பிரிந்து, இல்லாத கசிவு புதிதாகப் பிறக்கும்.

*குமிழி பின்பலகை அடைப்பில் வந்தால்:* ரப்பர் வளையத்தை மாற்றி, அடைப்பின் பித்தான் போன்ற சட்டத்தைக் கழற்றி, சீலன்ட் வைத்து மீண்டும் பொருத்துங்கள். மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை இது. பலருடைய படகில் முழுக் கசிவும் இத்தோடு நின்றுவிடுகிறது.

*திருகுகளில் வந்தால்:* அந்தச் சாமானைக் கழற்றி, துளையை நன்னீரால் கழுவி, காயவிட்டு, சீலன்ட் நிரப்பித் திருகுங்கள். திருகு பிடிமானமின்றிச் சுழன்றால் துளையைக் கெட்டியாகக் குழைத்த எப்பாக்சியால் அடைத்து, இறுகிய பிறகு புதிதாகத் துளையிட வேண்டும். பருமனான திருகைப் போட்டு ஒப்பேற்றுவது ஒரு பருவம்கூடத் தாங்காது.

*மேல்தளமும் அடியுடலும் சேரும் விளிம்பில் வந்தால்:* பிரிந்த இடத்தைத் தட்டையான கத்தியால் மெல்ல நெம்பி, உப்பு போக நன்னீர் பாய்ச்சி, காய்ந்ததும் எப்பாக்சியைத் திணித்து, மரச்சில்லுகளைக் கொடுத்து ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் கிளாம்ப் போடுங்கள். ஓர் அடி நீளம் வரை இதைத் தானே செய்துகொள்ளலாம்.

*டேகர்போர்டு பெட்டியின் அடிவாயில் வந்தால்:* தரைதட்டியபோது பலகை பின்பக்கமாகப் பெட்டியை அடித்திருக்கும். மயிரிழை விரிசல் என்றால் உப்புத்தாளால் தேய்த்து எப்பாக்சி வைக்கலாம். பெட்டியின் பக்கச்சுவரே அசைந்தால் அது உங்கள் வேலை அல்ல.

*உலர்த்துதல்*

கசிவை அடைத்த பின் உள்ளே உள்ள ஈரம் தானாகப் போகாது. மேல்தளத்தில் பாய்மரத்துக்குப் பின்புறம் 6 அங்குல ஆய்வுத் துளை ஒன்று வெட்டி, திருகு மூடி பொருத்துங்கள். அடுத்த தலைப்பில் வரும் பாய்மரக் குழி வேலைக்கும் இதே துளைதான் கைகொடுக்கும். துளையின் மேல் சிறு மின்விசிறியை உள்நோக்கி வைத்து, பின்பலகை அடைப்பைத் திறந்து விட்டால் காற்று உடல் நீளத்துக்கும் ஓடும். வாரக்கணக்கில் ஓட வேண்டியிருக்கும் என்பதால் இதைச் சென்னையில் பங்குனி தொடங்கிக் கத்திரி முடிவதற்குள் செய்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் விசிறி ஓட்டுவது ஈரக்காற்றை உள்ளே அனுப்புவதில்தான் முடியும். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் உலர்வதும் நின்றுவிட்டது. எடையைக் குறைக்கிறேன் என்று உள்ளிருக்கும் நுரைக்கட்டிகளையோ காற்றுப்பைகளையோ எடுத்து வெளியே போட்டுவிடாதீர்கள். உடலில் ஓட்டை விழுந்தால் படகை மிதக்க வைப்பவை அவைதான்.

கரையில் நிற்கும்போது அடைப்பை எப்போதும் திறந்தே வையுங்கள். வெயிலில் சூடேறிய படகைத் திடீரென்று தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, எங்கே சிறு ஓட்டை இருந்தாலும் அதன் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். இறக்குவதற்குச் சற்று முன் மேல்தளத்தில் இரண்டு வாளி நீர் ஊற்றிக் குளிர்வித்து, அதன் பின் அடைப்பை மூடுவது நல்ல பழக்கம்.

*ஆளை அழைக்க வேண்டிய இடம்:* விளிம்பு ஓரடிக்கு மேல் பிரிந்திருந்தால். டேகர்போர்டு பெட்டி அசைந்தால். உலர்த்தியும் 65 கிலோவுக்குக் கீழ் இறங்காவிட்டால். கடைசி நிலையில் இருக்கும் உடலைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதன் மரம், சுக்கான், கயிறுகளை இன்னொரு உடலுக்கு மாற்றுவதே கணக்குக்கு ஒத்துவரும்.

அறிகுறி 2: பாய்மரம் குழிக்குள் ஆடுகிறது, அல்லது குழியில் ஊற்றிய தண்ணீர் இறங்குகிறது

லேசரின் மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் எதுவும் கிடையாது. காற்றின் விசை முழுவதையும் மேல்தளத்திலிருந்து அடிவரை இறங்கும் ஒரு ஃபைபர் குழாய் ஒன்றே தாங்குகிறது. அது உடைந்தால் நடுக்கடலில் மரம் மேல்தளத்தைக் கிழித்துக்கொண்டு சாயும். இந்தப் படகில் தள்ளிப்போடவே கூடாத பழுது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான்.

*சோதனை:* குழிக்குள் கிடக்கும் மணலைக் கழுவி எடுங்கள். கழுத்துவரை நீர் ஊற்றி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் குழாயின் அடியில் விரிசல். நீர் இறங்காவிட்டாலும் அடுத்த சோதனையைச் செய்யுங்கள்: மரத்தின் கீழ்த்துண்டைக் குழியில் நிறுத்தி, ஒருவர் அதன் உச்சியைப் பிடித்து முன்பின்னாக மெல்ல அசைக்க, மற்றவர் குழி வாயைச் சுற்றி உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். மேல்தளம் மூச்சுவிடுவதுபோல் எழுந்து தாழ்ந்தால் குழாயும் தளமும் சேரும் இடம் விட்டுப்போயிருக்கிறது. அடியிலிருந்து 'கடக்' என்ற ஒலி வந்தால் குழாய் அடியுடலோடு கொண்ட ஒட்டு விட்டிருக்கிறது.

*மரம் ஆடுகிறது, நீர் இறங்கவில்லை:* குழியின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தேய்மானத் தகட்டையும் மரத்தின் அடியிலுள்ள பிளாஸ்டிக் அடைப்பையும் பாருங்கள். மணலோடு மரம் சுழலச் சுழல இரண்டும் தேய்ந்து, அதன்பின் அலுமினிய விளிம்பு ஃபைபரையே அரைக்கத் தொடங்கும். இரண்டையும் மாற்றினால் ஆட்டம் நிற்கும். ஒவ்வொரு முறை மரம் நிறுத்தும் முன்பும் குழிக்குள் ஒரு குவளை நன்னீர் ஊற்றித் துணியால் ஒற்றி எடுப்பது இந்தச் செலவைத் தவிர்க்கும்.

*நீர் இறங்குகிறது, ஒலி இல்லை:* ஆய்வுத் துளை வழியே கைபேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்தால் விரிசல் தெரியும். உப்பு போகக் கழுவி, முழுவதும் உலர்த்தி, குழாயின் அடியையும் அதைச் சுற்றியுள்ள அடியுடலையும் 60-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். கெட்டியான எப்பாக்சியைக் குழாயும் அடியும் சேரும் மூலையில் விரலால் வளைவாக அப்பி, அது முழுதாக இறுகுமுன், எப்பாக்சியில் நனைத்த கண்ணாடியிழை நாடாத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு மூன்று நான்கு அடுக்குகளாகப் பூவிதழ் வரிசையில் ஒட்டுங்கள். முழங்கை மட்டுமே நுழையும் இடத்தில், தோள் தளத்தில் அழுந்தியபடி செய்யும் வேலை இது. நாடாக்களை முன்கூட்டியே வெட்டி, ரெசினைச் சிறு சிறு கிண்ணங்களாகக் கலந்துகொள்ளாவிட்டால், நம் ஊர் வெப்பத்தில் பாதி வேலையில் கிண்ணம் சூடாகிக் கல்லாகிவிடும்.

*தளம் எழுந்து தாழ்கிறது, அல்லது அடியில் ஒலி கேட்கிறது:* இங்கே நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள். குழாயைப் பிரித்து மீண்டும் ஒட்டும்போது அது நேராக நிற்பதும், முன்பின் சாய்வு பழைய அளவிலேயே இருப்பதும் முக்கியம். வேலை முடிந்ததும் மரத்தை நிறுத்தி, உச்சியிலிருந்து இருபக்க விளிம்புகளிலும் ஒரே தூரத்தில் குறித்த புள்ளிகளுக்கு அளவுநாடா பிடித்துப் பாருங்கள்; இரு அளவுகளும் ஒத்திருக்க வேண்டும். காசிமேட்டிலோ மற்ற கடற்கரைக் குப்பங்களிலோ மீன்பிடி ஃபைபர் படகு செய்பவர்கள் இந்த வேலையின் உறுதியை நன்கு அறிவார்கள். ஆனால் அவர்களுடைய கை அலைவாய்க்கரையில் மோதி ஏறும் படகுக்குப் பழகிய கை. சொல்லாவிட்டால் கண்ணாடியிழை விரிப்பை அடுக்கிக்கொண்டே போய் நான்கைந்து கிலோ கூட்டிவிடுவார்கள். எத்தனை அடுக்கு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இதனுடன் சேர்ந்த சிறு வேலை ஒன்று: படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் மரம் குழியிலிருந்து நழுவி வெளியே வராதபடி, மரத்தைத் தளத்திலுள்ள வளையத்தோடு கட்டும் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். போட்டி விதியும் இதைக் கட்டாயமாக்குகிறது. பாதி நழுவிய நிலையில் மரம் நெம்புகோலாகி, நல்ல குழியையும் உடைத்துவிடும்.

அறிகுறி 3: மேல்தளத்தில் அமர்ந்தால் அமுங்குகிறது

தளத்தின் இரு ஃபைபர் தோல்களுக்கு நடுவே நுரைப்பலகை இருக்கிறது. தோல் நுரையை விட்டால் அந்த இடம் அமுங்கும். ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள்: நல்ல இடத்தில் ஒலி 'டக்' என்று கூர்மையாக வரும், விட்ட இடத்தில் 'தொப்' என்று மந்தமாக வரும். ஒலி மாறும் எல்லையைச் சாக்கட்டியால் வரைந்துவிடுங்கள். வரைந்து முடித்த பிறகு பெரும்பாலும் அது காலில் உணர்ந்ததைவிடப் பெரிதாகவே இருக்கும்.

*உள்ளங்கை அளவு:* துளைக்கும் ஊசியில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, மேல்தோலை மட்டும் துளைக்குமாறு 3 மில்லிமீட்டர் துளைகளை 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இடுங்கள். துளை வழியே தண்ணீர் வந்தால் முழுதும் உலரும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. மருந்துக்கடை 20 மில்லி சிரிஞ்சில் எப்பாக்சியை எடுத்து, பக்கத்துத் துளையில் எட்டிப் பார்க்கும்வரை செலுத்துங்கள். பிளாஸ்டிக் தாள் விரித்து, பலகை வைத்து, மணல்மூட்டையை ஏற்றி ஒரு நாள் விட்டுவிட வேண்டும்.

*சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது, அல்லது பாய்மரக் குழியை ஒட்டியது:* மேல்தோலை வெட்டி எடுத்து நுரையை மாற்ற வேண்டும். படகு வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

அடியுடலில் பள்ளம் விழுந்திருப்பது வேறு விஷயம். வெயிலில் படகை அடி தாங்கும் கட்டைகளின் மேல் நாள்கணக்கில் விட்டால் ஃபைபர் இளகி அந்த இடம் உள்வாங்கும். விளிம்பைத் தாங்கும் தள்ளுவண்டிக்கு மாற்றி, மேலே உறை போட்டுவிட்டால் சிறு பள்ளங்கள் பலவும் தாமாகவே வெளிவந்துவிடும்.

அறிகுறி 4: மரத்தின் மேல்துண்டு வளைந்து நிற்கிறது, அல்லது இணைப்பில் வெள்ளைப்பொடி

மேல்துண்டைச் சிமென்ட் தரையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தைப் பிடிக்கும் ரிவெட் துளையில்தான் உடைவு தொடங்கும். துளையைச் சுற்றி உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

*சிறு வளைவு, விரிசல் இல்லை:* வளையத்தையும் உச்சி அடைப்பையும் கழற்றி, துண்டைத் தலைகீழாக்கிப் பொருத்துங்கள். களைத்த பகுதி மேலே போய், அழுத்தம் குறைந்த இடத்தில் நிற்கும். மரம் வளையும்போது முன்பக்கம் இழுபடுவதால், ரிவெட் பின்பக்கம் பார்க்குமாறு வைத்துக்கொள்ள வேண்டும்.

*வெள்ளைப்பொடி:* அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்புநீரில் சேர்ந்ததால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. பூம் (பாயின் அடியில் கிடக்கும் குறுக்குக் கம்பம்) பொருந்தும் கொக்கி, வாங் (பூமைக் கீழிழுத்துப் பிடிக்கும் கயிறும் கப்பிகளும்) பொருந்தும் தகடு ஆகியவற்றின் ரிவெட்டுகளே முதலில் தளரும். துளைத்து எடுத்து, பொடியைத் தேய்த்து, இடையே தடுப்புப் பசை தடவிப் புதிய ரிவெட் அடிக்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அலுமினிய ரிவெட் இந்த இடத்தின் இழுவிசையைத் தாங்காது.

*விரிசல் இருந்தால்:* அந்தத் துண்டோடு கடலுக்குப் போகக் கூடாது. வெல்டிங் கடையில் 'ஆர்கான் போட்டுத் தருகிறேன்' என்பார்கள். வெப்பம் பட்ட இடத்தில் அலுமினியத்தின் கடினம் போய்விடும் என்பதால் அது அடுத்த பலத்த காற்றில் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மடியும். மேல்துண்டு மாற்ற வேண்டியிருந்தால், விதி அனுமதிக்கும் ஃபைபர் கலவைத் துண்டுக்கு மாறிவிடலாம். விலை கூடுதல்தான், ஆனால் அது வளைந்தே நின்றுவிடுவதில்லை. இந்தப் படகுக்குச் செய்யும் மேம்பாடுகளில் காசுக்கு உண்மையாக உழைப்பது அதுவே என்பது என் கணிப்பு.

இரு துண்டுகளும் சிக்கிக்கொண்டு பிரிய மறுத்தால் சுத்தியலை எடுக்க வேண்டாம். இணைப்பில் நன்னீரை ஊறவிட்டு, வெளித்துண்டின் மேல் வெந்நீர் ஊற்றி, இருவர் எதிரெதிராக முறுக்கினால் மணல் விட்டுக்கொடுக்கும்.

அறிகுறி 5: சுக்கான் கையைப் பிடுங்குகிறது

முதலில், படகு சாய்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். சாய்ந்த லேசர் காற்றை நோக்கித் திரும்பவே முயலும்; அது பழுதல்ல, உடம்பை வெளியே நீட்டி நிமிர்த்த வேண்டியது ஓட்டுபவரின் வேலை. நிமிர்ந்து ஓடும்போதும் கனம் இருந்தால்:

*சுக்கானின் இலை (நீருக்குள் இறங்கும் தகடு) முழுதாக இறங்கவில்லை.* பத்தில் எட்டுப் படகுகளில் காரணம் இதுதான் என்றே சொல்லலாம். கீழிழுக்கும் கயிறு நழுவி, இலை சிறிதளவு பின்னால் போனாலே டில்லரில் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) கனம் பன்மடங்காகும். கரையில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு இலையின் நுனியைக் கையால் பின்னோக்கித் தள்ளுங்கள்; அசைந்தால் நீளாத வகைக் கயிற்றுக்கு மாற்றுங்கள்.

*இலை சுக்கான் தலைக்குள் (இலையைப் பிடிக்கும் மேற்பகுதி) பக்கவாட்டில் ஆடுகிறது.* நட்டை இறுக்குங்கள். தேவையானால் இருபக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் வாஷர் கொடுங்கள்.

*டில்லர் தலைக்குள் ஆடுகிறது.* தேய்ந்த இடத்தில் டேப் சுற்றுவது ஒரு மாலைக்குப் போதும்; நிலையான தீர்வு புதிய டில்லர்தான்.

*பின்பலகையில் பிடிப்புகளே ஆடுகின்றன.* திருகை மட்டும் இறுக்கிப் பயனில்லை. கழற்றி, துளைகளை எப்பாக்சியால் அடைத்து மீண்டும் துளையிடுங்கள். உள்பக்கப் பிடிமானமே இற்றுப்போயிருந்தால், பின்புறம் ஓர் ஆய்வுத் துளை வெட்டி, உள்ளே தகடு கொடுத்து போல்ட்டும் நட்டும் போட வேண்டும். ஃபைபர் வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதை ஆளிடம் விடலாம்.

சுக்கான் மேலே நழுவாமல் தடுக்கும் சிறு ஸ்பிரிங் தகடு பின்பலகையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத படகு கவிழ்ந்தால் சுக்கான் தனியே கழன்று போய்விடும்.

அறிகுறி 6: டேகர்போர்டு தடதடக்கிறது, அல்லது தானாக மேலே வருகிறது

பெட்டியின் முன்முனையிலுள்ள உராய்வுத் துண்டு தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். பலகையிலிருந்து அணியம்வரை செல்லும் இழுவை ரப்பர் கயிறு வெயிலில் செத்துப்போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். பலகையின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகளை எப்பாக்சி வைத்து நிரப்பி, நேரான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்க்கலாம். வடிவத்தை மாற்றும் அளவுக்குத் தேய்த்தால் போட்டியில் ஏற்கமாட்டார்கள். முறுக்கேறிய பலகையைச் சரிசெய்ய முடியாது.

அறிகுறி 7: வாங் இழுத்தாலும் பூம் இறங்கவில்லை, கயிறுகள் நழுவுகின்றன

மேம்பாடு என்று எல்லோரும் பேசுவது இங்கேதான். 2001-இல் விதி மாறி, பல கப்பிகள் கொண்ட வாங்கும், கன்னிங்ஹாமையும் (பாயின் முன்விளிம்பைக் கீழிழுக்கும் கயிறு) அவுட்ஹாலையும் (பாயின் அடிமூலையைப் பூமின் பின்முனைக்கு இழுக்கும் கயிறு) தளத்தின் நடுவிலிருந்தே இழுக்கும் அமைப்பும் அனுமதிக்கப்பட்டன. அதற்கு முந்தைய சாமான்களோடு பலத்த காற்றில் வாங்கை இறுக்குவது எடை குறைந்தவர்களுக்குப் பெரும்பாடு. ஆயினும் புதிய தொகுப்பு வாங்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

*கப்பியில் உப்பு:* வெந்நீரில் ஊறவைத்துச் சுழற்றுங்கள். எண்ணெய் இட்டால் மணல் ஒட்டும்.

*கயிறு தடிமன்:* கப்பிக்குப் பொருந்தாத தடித்த கயிறு உராய்விலேயே பாதி வலுவைத் தின்றுவிடும். வாங்குக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் போதும்.

*பற்பிடி தேய்ந்துவிட்டது:* கயிறு நழுவினால் பற்களை விரலால் தடவிப் பாருங்கள். கூர் மழுங்கியிருந்தால் பிடியை மாற்ற வேண்டும். அரத்தால் ராவிக் கூராக்கினால் அது கயிற்றை அறுக்கும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் இழுக்க முடியவில்லை என்றால் புதிய வாங் வாங்குங்கள். கன்னிங்ஹாமும் அவுட்ஹாலும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். தளத்தில் புதிய தகடு பொருத்தும்போது பழைய துளைகளை எப்பாக்சியால் அடைக்காமல் விட்டால் அறிகுறி 1 மறுபடியும் வரும்.

அறிகுறி 8: மற்ற படகுகளைப் போல் காற்றை நோக்கி ஏற முடியவில்லை

பாயைக் குற்றம் சொல்லும் முன் உடலின் எடை, மரத்தின் வளைவு, இலையின் நிலை ஆகியவற்றைப் பார்த்துவிட்டீர்கள் என்று கொள்வோம். நண்பரின் படகோடு பாயை மாற்றிக்கொண்டு அதே நாளில், அதே காற்றில் சிறிது நேரம் ஓட்டுங்கள். வேகம் பாயோடு சேர்ந்து மாறினால் பாய் முடிந்தது. மாறாவிட்டால் படகில் இன்னும் ஏதோ இருக்கிறது.

துணி நன்றாக இருந்து தையல் மட்டும் வெயிலில் இற்றிருக்கக்கூடும். நகத்தால் தையலைச் சுரண்டுங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் முழுத் தையலையும் மறுபடி ஓட்ட வேண்டும். வளைதையல் எந்திரம் வைத்திருக்கும் தார்ப்பாய் தைப்பவர் இதைச் செய்வார். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலை மட்டும் நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். மரம் நுழையும் உறையின் அடிப்பகுதி உராய்ந்து கிழிந்திருந்தால் அதையும் அப்போதே ஒட்டுப் போட்டுவிடலாம்.

புதுப் பாய் என்றால், போட்டிக்கு வகுப்பு முத்திரை கொண்டது கட்டாயம். பயிற்சிக்கு, விலை கணிசமாகக் குறைந்த ஒத்த வடிவப் பாய் தாராளமாகப் போதும்.

அறிகுறி 9: பாய் மறுபக்கம் மாறும்போது மெயின்ஷீட் (பூமை உள்ளிழுக்கும் கயிறு) பின்மூலையில் சிக்குகிறது

எல்லா லேசரிலும் உள்ளது; புதியதிலும் வரும். டிராவலர் கயிறு (மெயின்ஷீட்டின் கப்பி பக்கவாட்டில் ஓடும் பின்தளக் கயிறு) தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். பூம் கடக்கும் கணத்தில் மெயின்ஷீட்டைக் கையால் வெடுக்கென்று ஒருமுறை உள்ளிழுத்துவிட்டால் தொங்கும் வளைவு மூலையை விட்டு மேலெழுந்துவிடும். கயிறு நீரைக் குடித்துக் கனத்திருந்தால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். நீர் குடிக்காத 6 அல்லது 7 மில்லிமீட்டர் கயிற்றுக்கு மாறுவதைத் தவிர இதற்கு வேறு செலவு தேவையில்லை.